தாழ்மை பழகத் தொடங்குகிறவர்களுக்கு: என்ன வேண்டும், எவ்வளவு நேரம் ஆகும், எங்கே வழுக்கும்

"தாழ்மையாயிருங்கள்", "தேவனையே சார்ந்திருங்கள்" என்று பிரசங்கத்தில் கேட்காத விசுவாசி இருக்க முடியாது. ஆனால் திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு எழுந்து அதை எப்படிச் செய்வது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. அதனால் புதியவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒரு பக்கம் போய்விடுகிறார்கள். சிலர் தலையைக் குனிந்து, குரலைத் தாழ்த்தி, "நான் ஒன்றுக்கும் உதவாதவன்" என்று பேசப் பழகிக்கொள்கிறார்கள். வேறு சிலர் தங்களுக்குள் தாழ்மை வந்துவிட்டதா என்று தினமும் சோதித்துப் பார்க்கிறார்கள். போட்ட விதையைத் தினமும் தோண்டிப் பார்த்தால் அது முளைக்குமா?

இந்த வழிகாட்டி முழுக்க ஒரே ஒரு கருத்தின்மேல் நிற்கிறது. தாழ்மையை நேரடியாகப் பழக முடியாது, கேட்பதைப் பழகலாம். தினமும் கேட்டுப் பெறுகிறவனுக்குத் தன் கை வெறுங்கை என்பது தானாகவே தெரிந்துவிடும். 1 பேதுரு 5:6 "அவருடைய பலத்த கைக்குள் அடங்கியிருங்கள்" என்கிறது. அடுத்த வசனம் "உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்" என்கிறது. தமிழில் இவை இரண்டு கட்டளைகளாக நிற்கின்றன. மூலமான கிரேக்கத்தில் இரண்டும் ஒரே வாக்கியம். கவலையை அவர்மேல் வைப்பதுதான் அடங்கியிருக்கும் விதம். கவலையைத் தன் தலையிலேயே சுமந்துகொண்டு "நான் தாழ்மையானவன்" என்று சொல்ல இடமில்லை.

1. தொடங்குமுன்: என்னென்ன வேண்டும், என்ன செலவு

பொருள் என்று பார்த்தால் மூன்றுதான்: ஒரு வேதாகமம், கோடு போட்ட ஒரு நோட்டு, ஒரு பேனா. கைபேசியில் எழுதலாமே என்று தோன்றும். வேண்டாம். ஜெபிக்கக் கையில் எடுத்த கைபேசி இரண்டு நிமிடத்தில் வேறு எங்கோ இழுத்துக்கொண்டு போய்விடும்.

நேரம்: காலையில் 10 நிமிடம், இரவில் 10 நிமிடம், பகலில் நடுநடுவே எல்லாம் சேர்த்து ஒரு 5 நிமிடம். முதல் நாளே ஒரு மணி நேரம் முழங்காலில் நிற்கத் தீர்மானிக்கிறவர்கள் வாரக் கடைசிக்குள் விட்டுவிடுவார்கள். விட்ட பிறகு வரும் குற்ற உணர்ச்சி அடுத்த முயற்சியையும் சேர்த்துக் கெடுக்கும்.

இன்னொன்றும் வேண்டும்: உங்களை முகத்துக்கு நேரே திருத்தக்கூடிய ஓர் ஆள். போதகராக இருக்கலாம், அருட்தந்தையாக இருக்கலாம், சபையில் வயதில் மூத்த அக்காவாகவோ அண்ணனாகவோ இருக்கலாம். உங்களால் ஆதாயம் அடைகிறவரும் உங்களைப் பார்த்துப் பயப்படுகிறவரும் இதற்கு உதவமாட்டார்கள்.

பணச் செலவு கிடையாது. "இந்த அபிஷேகத்துக்கு இவ்வளவு காணிக்கை" என்று யாராவது தொகை சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். சீரியாவின் படைத்தலைவன் நாகமான் குஷ்டரோகம் நீங்கப் புறப்பட்டபோது ராஜாவிடம் சிபாரிசுக் கடிதம் வாங்கிக்கொண்டான். 10 தாலந்து வெள்ளி, 6,000 சேக்கல் பொன், 10 மாற்று உடைகள் எல்லாம் கட்டிக்கொண்டு போனான் (2 இராஜாக்கள் 5). ஒரு தாலந்து சுமார் 34 கிலோ; அந்தக் கணக்கில் வெள்ளி மட்டுமே 340 கிலோவுக்குப் பக்கம். கடிதத்துக்கும் அங்கே வேலை இல்லை, வெள்ளிக்கும் வேலை இல்லை. அவன் தேடிப்போன தீர்க்கதரிசி எலிசா வெளியே வந்துகூடப் பார்க்கவில்லை. யோர்தானில் ஏழு தரம் முழுகச் சொல்லி ஆள் அனுப்பினார். நாகமானுக்கு வந்த கோபம், கேட்ட காரியம் கஷ்டமாக இருந்ததால் வந்ததல்ல. அது அற்பமாக இருந்ததால் வந்தது. இந்தக் கட்டுரையில் வரும் படிகளும் அப்படித்தான் தெரியும். "இவ்வளவுதானா?" என்று தோன்றும் இடத்தில் நாகமானின் வேலைக்காரர்களை நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய காரியத்தைச் சொல்லியிருந்தால் செய்திருப்பீர் அல்லவா என்று அவர்கள் கேட்ட பிறகுதான் அவன் தண்ணீரில் இறங்கினான்.

2. காலையில் 10 நிமிடம்: அன்றைக்கு வேண்டியதைக் கேளுங்கள்

நோட்டைத் திறந்து இடது பக்கத்தின் மேலே "கேட்டது" என்றும், வலது பக்கத்தின் மேலே "நடந்தது" என்றும் எழுதுங்கள். தேதி போடுங்கள். அன்றைக்கு உங்களால் தனியாகச் சமாளிக்க முடியாத மூன்று காரியங்களை இடப்பக்கம் எழுதுங்கள். மூன்றுக்கு மேல் வேண்டாம். பிறகு ஒவ்வொன்றையும் வாய்விட்டுக் கேளுங்கள். முழங்கால் ஒத்துழைத்தால் முழங்காலில். இல்லாவிட்டால் நாற்காலியில் உட்கார்ந்து, உள்ளங்கைகளை விரித்து மடிமேல் வைத்துக்கொண்டு.

"என்னை ஆசீர்வதியும்", "கூட இரும்" என்ற மட்டில் நிறுத்தாதீர்கள். அந்த ஜெபத்தில் தவறில்லை. ஆனால் பதில் வந்ததா என்று சாயங்காலம் உங்களால் சொல்ல முடியாது. ஒரு பக்கம் இப்படி இருக்கலாம்:

"செவ்வாய். அண்ணனிடம் பணம் பற்றிப் பேசியாக வேண்டும். என் நாக்கு முந்திக்கொள்ளும் என்று பயம். ஆண்டவரே, முதல் பத்து நிமிடம் என்னைக் கேட்க மட்டும் வையும்."

இரவில் வலப்பக்கத்தில்: "ஏழாவது நிமிடத்தில் நாக்கு முந்திவிட்டது. ஆனாலும் சண்டை ஆகவில்லை. பாதி பேசியிருக்கிறோம்."

இப்படி எழுதினால் எங்கே பலவீனம், எங்கே உதவி வந்தது, எங்கே உதவியைத் தள்ளிவிட்டோம் என்பது மூன்றும் ஒரே பக்கத்தில் தெரியும்.

அளவு முக்கியம். "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்பது கர்த்தர் கற்றுக்கொடுத்த அளவு (மத்தேயு 6:11). வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு தேவன் தினமும் கொடுத்த ஆகாரமான மன்னா தலைக்கு ஒரு ஓமர், ஏறக்குறைய இரண்டு லிட்டர். மறுநாளைக்கு என்று மீத்து வைத்தது பூச்சி பிடித்து நாறியது. ஆறாம் நாளில் மட்டும் இரண்டு ஓமர். அது கெடவில்லை (யாத்திராகமம் 16). அடுத்த மாதக் கவலைக்கு இன்றைக்கே பலத்தைக் கேட்டு, வரவில்லையே என்று சோர்ந்துபோகிறவர்கள் இந்த அதிகாரத்தை ஒரு தரம் நிதானமாக வாசிக்க வேண்டும். இதற்காகச் சேமிப்பு வேண்டாம், திட்டம் வேண்டாம் என்று அர்த்தம் எடுக்காதீர்கள். ஆறாம் நாளின் இரட்டைப் பங்கும் தேவன் சொன்னதுதான்.

கேட்டு முடித்ததும் ஒரு சங்கீதம் வாசியுங்கள். முதல் வாரம் முழுக்க 131-ஆம் சங்கீதமே போதும். மூன்றே வசனம். அதில் வருவது பால்மறந்த குழந்தை, பால்குடிக்கிற குழந்தை அல்ல. பால்குடிக்கிற பிள்ளை பாலுக்காக மடியில் துழாவும். பால்மறந்த பிள்ளைக்குத் தாய் பக்கத்தில் இருந்தாலே போதும். கேட்பதில் தொடங்கி, கேட்காமலும் அவரோடு இருக்கக்கூடிய இடத்துக்குப் போவதுதான் இந்தப் பாதை. அங்கே போய்ச்சேர அவசரப்பட வேண்டாம்.

3. பகலில்: ஒரு வரி ஜெபம்

நாள் நடுவே நின்று நீளமாக ஜெபிக்க எல்லோருக்கும் வாய்க்காது. இயேசு சொன்ன ஓர் உவமையில், ஆலயத்தில் தூரத்திலே நின்ற ஆயக்காரன் (வரி வசூலிக்கிறவன்) சொன்னது ஒரே வரி: "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்" (லூக்கா 18:13). கீழைத் திருச்சபைகளில் இதை ஒட்டிய ஒரு சிறு ஜெபத்தை மூச்சோடு சேர்த்துச் சொல்வார்கள்: மூச்சை இழுக்கும்போது "ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவே, தேவ குமாரனே", விடும்போது "பாவியாகிய என்மேல் இரங்கும்".

இதை ஏதாவது ஒரு செயலோடு கட்டிவிடுங்கள். கதவைத் திறக்கும்போது, அழைப்பை எடுக்குமுன், கணினி திறக்கும்வரை காத்திருக்கும்போது. நேரம் பார்த்துச் செய்தால் மறந்துபோகும். செயலோடு கட்டினால் நிற்கும். எத்தனை தரம் சொன்னேன் என்று எண்ணத் தொடங்கினால் நிறுத்திவிடுங்கள். அதே உவமையில் பரிசேயனும் எண்ணிக்கைதான் சொன்னான்: வாரத்தில் இரண்டு தரம் உபவாசம், சம்பாத்தியத்தில் தசமபாகம்.

4. முடிவெடுக்குமுன் கேட்பது

பெரும்பாலோர் தடுமாறும் படி இது. குழப்பமான விஷயத்துக்கு எல்லோரும் ஜெபிப்பார்கள். தெளிவாகத் தெரிகிற விஷயத்துக்குத்தான் கேட்க மாட்டார்கள்.

கிபியோன் ஊரார் இஸ்ரவேலரின் தலைவன் யோசுவாவை ஏமாற்றியது அப்படித்தான் (யோசுவா 9). பூசணம் பூத்த அப்பம், பீறிக் கட்டின திராட்சரசத் துருத்தி, தேய்ந்த பாதரட்சை என்று அத்தனை ஆதாரங்களும் கையில் இருந்தன. "வெகு தூரத்திலிருந்து வருகிறோம்" என்ற பேச்சுக்கு எல்லாம் கச்சிதமாகப் பொருந்தின. இஸ்ரவேலர் அப்பத்தைப் பார்த்தார்கள், கர்த்தரிடம் கேட்கவில்லை. உடன்படிக்கை செய்து மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது, வந்தவர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள் என்று. ஆதாரத்தைச் சரிபார்த்தது அவர்கள் தப்பல்ல. சரிபார்த்ததோடு நின்றதுதான் தப்பு.

தாவீது செய்ததைப் பாருங்கள் (2 சாமுவேல் 5). ரெப்பாயீம் பள்ளத்தாக்கில் பெலிஸ்தர் வந்து பரவினார்கள். கேட்டான், "போ" என்று பதில் வந்தது, ஜெயித்தான். அதே பெலிஸ்தர் அதே பள்ளத்தாக்கில் மறுபடி வந்தார்கள். போன தரம் ஜெயித்த வழிதான் கையில் இருக்கிறதே என்று அவன் கிளம்பவில்லை. திரும்பவும் கேட்டான். இந்தத் தரம் பதில் வேறு: நேராகப் போகாதே, பின்னாலே சுற்றிப் போ, முசுக்கட்டைச் செடிகளின் நுனியில் இரைச்சல் கேட்கும்வரை காத்திரு. நேற்றைய பதிலை இன்றைக்கும் ஓட்டிவிடலாம் என்ற நினைப்பு அனுபவசாலிகளை விழவைக்கிற குழி.

நடைமுறையில் இப்படிச் செய்யலாம். முடிவை ஒரே வாக்கியமாக நோட்டில் எழுதுங்கள். உங்கள் மனம் ஏற்கெனவே எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதையும் ஒளிக்காமல் எழுதுங்கள். இதை எழுதாவிட்டால் சொந்த ஆசையையே தேவசித்தம் என்று சொல்லிக்கொள்வீர்கள். வேதம் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிற காரியத்துக்கு வழிகேட்க வேண்டியதில்லை. பொய்க் கணக்கு எழுதலாமா என்று ஜெபித்துப் பார்க்கிறேன் என்பது ஜெபமே அல்ல. சின்ன முடிவானால் ஓர் இரவு காத்திருங்கள். வேலை, திருமணம், கடன் போன்றவற்றுக்கு ஒரு வாரமாவது வேண்டும். அந்த முடிவில் லாபமோ நஷ்டமோ இல்லாத ஒரு மூத்த விசுவாசியிடம் சொல்லி, அவர் சொல்வதைக் குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

கண்ணை மூடி வேதாகமத்தைத் திறந்து விரல் விழுந்த வசனத்தை வாக்குத்தத்தமாக எடுப்பது கூடாது. தேவாலயத்து உப்பரிகையில் இயேசுவைக் குதிக்கச் சொன்ன சோதனைக்காரனும் ஒரு வசனத்தைக் காட்டித்தான் சொன்னான். "இன்றைக்குள் இன்ன அடையாளம் நடந்தால்" என்று கெடு வைப்பதும் அதே வகைதான். கேட்கிறவர் நீங்கள்; கெடு வைக்கிற இடத்தில் நீங்கள் இல்லை.

காத்திருந்தும் தெளிவு வரவில்லை, தேதி வந்துவிட்டது என்றால்? உள்ளதில் நேர்மையானதைத் தேர்ந்தெடுங்கள். "ஆண்டவருக்குச் சித்தமானால்" என்று யாக்கோபு 4:15 சொல்லும் மனதோடு இறங்குங்கள். தப்பாகப் போனால் திரும்பி வருகிறவர்களையும் அவர் கைவிடுவதில்லை.

5. இரவில் 10 நிமிடம்: கணக்கு முடிப்பது

முதல் மூன்று நிமிடம் நன்றி. காலையில் எழுதியதை எடுத்து வலப்பக்கத்தை நிரப்புங்கள். "உனக்கு உண்டாயிருக்கிறவைகளில் நீ பெற்றுக்கொள்ளாதது யாது?" என்ற 1 கொரிந்தியர் 4:7 கேள்வியை அன்றைய நாளில் நன்றாக முடிந்த ஒரு காரியத்தின்மேல் வைத்துப் பாருங்கள். அதில் யார் யார் கை இருந்தது? உங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர், கதவைத் திறந்துவிட்டவர், நோயில்லாத உடம்பு. பெயர்களை எழுதுங்கள்.

அடுத்த ஐந்து நிமிடம் பாவ அறிக்கை. ஒட்டுமொத்தமாக "பெருமைக்காரன் நான்" என்று சொல்வது சுலபம், யாருக்கும் வலிக்காது. "மதியம் கூட்டத்தில் அவர் சொன்ன யோசனையை என்னுடையது மாதிரிப் பேசினேன்" என்பதுதான் அறிக்கை. ஒரு நாளைக்கு ஒன்றோ இரண்டோ போதும். நோண்டி நோண்டிப் பத்து எடுக்கத் தோன்றினால், அது மனச்சாட்சி நொந்துபோனதின் அறிகுறி. உங்கள் போதகரிடமோ அருட்தந்தையிடமோ சொல்லுங்கள்.

கடைசி இரண்டு நிமிடம்: மன்னிப்பைப் பெற்றுக்கொண்டு விளக்கை அணையுங்கள். "அவரே தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார்" என்கிறது 127-ஆம் சங்கீதம். தூங்குவதும் ஒரு சார்ந்திருத்தல்தான். ஆறேழு மணி நேரம் நீங்கள் இல்லாமலே உலகம் நடக்கும்.

தேவனிடம் மட்டுமே சொல்லித் தீராத பாவங்கள் உண்டு. யாக்கோபு 5:16 ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்கிறது. கத்தோலிக்கராக இருந்தால் அருட்தந்தையிடம் பாவ அறிக்கை செய்யும் ஒப்புரவு அருட்சாதனம் இருக்கிறது. சாவான பாவங்களை ஆண்டுக்கு ஒரு முறையாவது அறிக்கையிட வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். மற்ற சபைகளில் இருப்பவர்கள் முதலாம் படியில் தேர்ந்த அந்த ஆளிடம் மாதத்துக்கு ஒரு முறை அரை மணி நேரம் ஒதுக்கித் தரும்படி கேளுங்கள்.

6. மனிதரிடம் மன்னிப்புக் கேட்பது

மேலே சொன்ன எல்லாவற்றையும் வீட்டுக்குள் தனியாகச் செய்துவிடலாம். உண்மையான செலவு இங்கேதான். மத்தேயு 5:23-24-இல் காணிக்கையைப் பலிபீடத்தண்டையிலேயே வைத்துவிட்டுப் போய்ச் சகோதரனோடே ஒப்புரவாகச் சொல்லியிருக்கிறது.

வரிசை இது. என்ன செய்தீர்கள் என்பதைப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள். அது தப்பு என்று சொல்லுங்கள். காரணம் சொல்லாதீர்கள். மன்னிக்கும்படி கேளுங்கள். பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள். மொத்தம் ஒரு நிமிடம்கூட ஆகாது. பிள்ளையிடம் கேட்கும் தகப்பன் இப்படிச் சொல்லலாம்: "நேத்து உன் ஃப்ரெண்ட்ஸ் முன்னாடி அப்பா உன்னைத் திட்டினேன். அது தப்பு. என்னை மன்னிச்சிடுப்பா." அத்தோடு நிறுத்த வேண்டும். அடுத்து ஓர் "ஆனா" நாக்கின் நுனிவரை வரும்: "ஆனா நீயும் அன்னிக்கு..." அந்த ஒரு சொல்லை விழுங்குவதற்குத்தான் காலையில் பலம் கேட்டது.

வழக்கமாகக் கெடுகிற இடங்கள்: "உங்களுக்கு வருத்தமாக இருந்திருந்தால் மன்னிக்கவும்" என்பது மன்னிப்பு அல்ல, எதிராளியின் மனதுக்குப் பழி போடுவது. தனியாகச் செய்த தப்புக்குக் கூட்டத்தில் எழுந்து மன்னிப்புக் கேட்டால் சாட்சியாகத் தெரியும், அவ்வளவுதான். கூட்டத்தின் முன் அவமானப்படுத்தினதற்குத் தனியாகக் கேட்டால் பாதிக் கடன் பாக்கி. "மன்னிச்சிட்டேன்னு சொல்லுங்க" என்று அங்கேயே நின்று வற்புறுத்தாதீர்கள். அவருக்கு ஒரு மாதம் ஆகலாம், ஒரு வருடமும் ஆகலாம். உங்கள் மனதுக்குள் மட்டும் இருந்த பொறாமையை, அதை அறியவே அறியாத ஆளிடம் போய்க் கொட்டாதீர்கள். உங்கள் பாரம் இறங்கும், அவர் தலையில் ஏறும். அதை தேவனிடமும் உங்கள் வழிகாட்டியிடமும் சொன்னால் போதும்.

பொருளோ பணமோ சம்பந்தப்பட்டிருந்தால் வார்த்தை போதாது. நியாயப்பிரமாணம் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கச் சொன்னது (எண்ணாகமம் 5:7): நூறு எடுத்தவன் நூற்றிருபது. ஆயக்காரர் தலைவன் சகேயு நாலு மடங்காகத் தருகிறேன் என்றான். இன்றைக்கு எந்த விகிதம் என்று தர்க்கம் பண்ண வேண்டாம். எடுத்ததற்குக் குறையாமல், முடிந்தால் கொஞ்சம் கூட்டி, தேதி சொல்லிக் கொடுங்கள்.

7. உபவாசம்: சிறிதாகத் தொடங்குங்கள்

முதலில் எச்சரிக்கை. சர்க்கரை வியாதிக்கு மருந்தோ இன்சுலினோ எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், சாப்பாட்டோடு மருந்து எடுக்க வேண்டியவர்கள், உணவுக் கோளாறு இருந்தவர்கள், வளரும் பிள்ளைகள் உணவை விட வேண்டாம். வேண்டுமானால் கைபேசியை, திரையை, வாங்கிக் குவிப்பதை விடலாம். மருத்துவர் சொல்வதைக் கேட்பது விசுவாசக் குறைவு ஆகாது.

மற்றவர்கள் வாரத்தில் ஒரு நாள், ஒரே ஒரு வேளையை விட்டுத் தொடங்கலாம். தண்ணீர் தாராளமாகக் குடியுங்கள். காபி, டீ பழக்கம் உள்ளவர்களுக்குத் தலைவலி வரும். இரண்டு மூன்று நாள் முன்பே அளவைக் குறைத்து வாருங்கள். விட்ட வேளையின் நேரத்தை வேலைக்குக் கொடுக்காமல் ஜெபத்துக்குக் கொடுங்கள். இல்லாவிட்டால் அது வெறும் பட்டினி. முடிக்கும்போது கொஞ்சமாக, எளிதில் செரிக்கிறதாகச் சாப்பிடுங்கள். ஒரு மாதம் இப்படிப் போன பிறகு இரண்டு வேளை. நாற்பது நாள் என்ற பேச்சே புதியவர்களுக்கு வேண்டாம். கத்தோலிக்கருக்கு திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் நோன்பு நாட்கள்: 18 வயது நிறைந்ததிலிருந்து 59 நிறையும்வரை, ஒரு முழு உணவும் அதற்கு எட்டாத இரண்டு சிற்றுணவும்.

பசி வந்ததும் எரிச்சல் வரும். அந்த எரிச்சல் புதிதாக வந்ததல்ல. வயிறு நிறைந்திருந்தபோது மறைந்திருந்தது. யார்மேல் எரிந்து விழுந்தீர்கள் என்பதை நோட்டில் எழுதுங்கள். ஏசாயா 58 கண்டிக்கிற உபவாசமே வழக்கும் வாதுமாகப் போன உபவாசம்தான். ஒரு வேளை சோறு இல்லாவிட்டால் நம் நல்ல குணம் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதைத் தெரிந்துகொள்வதே பாதிப் பாடம்.

வெளியே சொல்லாதீர்கள். அதற்காகப் பொய்யும் சொல்லாதீர்கள். யாராவது சாப்பிடக் கூப்பிட்டால் "இப்போ வேண்டாம், நன்றி" போதும்.

8. மறைவில் ஒரு வேலை

மாதத்துக்கு ஒன்றாவது யாருக்கும் தெரியாமல் செய்யுங்கள். கூட்டம் முடிந்ததும் நாற்காலி அடுக்குவது, கழிவறை கழுவுவது, பெயர் போடாமல் உதவுவது. படம் எடுக்காதீர்கள். "மறைவில்" என்றால் மனைவிக்கோ கணவருக்கோ தெரியாமல் வீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுப்பது என்று அர்த்தமில்லை. வீட்டில் பேசி, ஊருக்கு மறைத்துச் செய்யுங்கள். செய்ததை ஒரு வாரம் கழித்துச் சாட்சியாகச் சொல்லிவிடத் தோன்றும். அந்த வாரம்தான் கஷ்டம்.

9. பாராட்டும் திருத்தமும் வரும்போது

பாராட்டினால் "நன்றி, சந்தோஷம்" என்று சொல்லி நிறுத்துங்கள். "ஐயோ, நான் என்ன செய்தேன், ஒன்றுமே இல்லை" என்று இழுத்தால் பாராட்டினவர் இன்னும் இரண்டு வாக்கியம் சேர்த்துச் சொல்ல வேண்டிவரும். நாம் எதிர்பார்ப்பதும் பல நேரம் அதைத்தான். கால்கழுவ வந்த இயேசுவைப் பேதுரு தடுத்தது தாழ்மை போலத்தான் தெரிந்தது (யோவான் 13). பெற்றுக்கொள்ளத் தெரியாததும் ஒரு பெருமைதான்.

பந்திக்கு முந்து என்கிற பழமொழி நமக்குத் தெரியும். லூக்கா 14-இல் இயேசு பந்தியில் தாழ்ந்த இடத்தில் உட்காரச் சொன்னார். அழைத்தவர் வந்து மேலே கூட்டிப்போகட்டும் என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே தாழ்ந்த இடத்தில் உட்காருகிற சாமர்த்தியமும் உண்டு. அதையும் கவனியுங்கள்.

திருத்தம் வந்தால் 24 மணி நேரம் பதில் சொல்லாதீர்கள். "யோசிக்கிறேன்" என்று மட்டும் சொல்லுங்கள். இரவில் நோட்டில் அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள், உங்கள் மறுப்பைச் சேர்க்காமல். பத்தில் ஒரு பங்கு உண்மை இருந்தாலும் அந்த ஒரு பங்கைப் பற்றி அன்றைக்கு ஜெபியுங்கள்.

10. கேட்டது வராதபோது

நோட்டின் வலப்பக்கம் சில இடங்களில் காலியாகவே கிடக்கும். அழிக்காதீர்கள். பவுல் தன் மாம்சத்திலிருந்த முள் நீங்கும்படி மூன்று தரம் கேட்டார். முள் போகவில்லை; "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில் வந்தது (2 கொரிந்தியர் 12). கெத்செமனேயில் இயேசுவும் மூன்று தரம் கேட்டார். ஆகவே கேட்ட காரியம் கிடைக்கவில்லை என்றால் விசுவாசம் போதவில்லை, மறைந்த பாவம் இருக்கிறது என்று உடனே தீர்ப்புச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். புலம்பலும் ஜெபம்தான். 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. அதையும் வேதாகமத்தில் வைத்திருக்கிறார்கள்.

11. தாழ்மை என்ற பெயரில் வரும் மூன்று பொய்கள்

ஒன்று, அடி வாங்கிக்கொண்டு இருப்பது. வீட்டில் வன்முறை நடந்தாலும், சபைத் தலைவர் ஒருவர் உங்கள் உடலையோ பணத்தையோ சுரண்டினாலும், "தாழ்மையாயிரு, வெளியே சொல்லாதே" என்ற பேச்சுக்கு வேதத்தில் இடமில்லை. பவுலே சட்டவிரோதமாகத் தன்னை அடிக்கப் பார்த்தபோது ரோமக் குடியுரிமையைச் சொல்லித் தடுத்தார் (அப்போஸ்தலர் 22:25). முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். சட்ட உதவி கேளுங்கள். ஜெபத்தை அங்கிருந்து செய்யலாம்.

இரண்டு, தன்னையே வெறுப்பது. "நான் இல்லாமல் இருப்பதே நல்லது" என்று வாரக்கணக்கில் தோன்றினால், தூக்கமும் பசியும் போனால், அது நோயாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மூன்று, சும்மா இருப்பது. நெகேமியாவின் ஆட்கள் தேவனை நோக்கி ஜெபம்பண்ணி, இரவும் பகலும் காவலும் வைத்தார்கள் (நெகேமியா 4:9). பரீட்சைக்கு ஜெபிக்கிறவர் படிக்கவும் வேண்டும்.

12. கால அட்டவணை, விட்டுப்போன நாட்கள்

முதல் வாரம் உற்சாகத்திலேயே போய்விடும். இரண்டாம் வாரம் நோட்டில் ஒரே கவலை திரும்பத் திரும்ப வருவது கண்ணில் படும். அதுதான் நீங்கள் தேவனிடம் விடாத இடம். மூன்றாம் நான்காம் வாரம் சலிப்புத் தட்டும். அப்போது படிகளைக் கூட்டாதீர்கள், குறையுங்கள்: காலை மூன்று வரி, இரவு ஒரு நன்றி. உபவாசத்தை இரண்டாம் மாதத்தில் சேருங்கள். மூன்று மாதம் கழித்து ஒரு நாள் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து வாசியுங்கள். மறந்தேபோன பதில்கள் அங்கே கிடக்கும்.

நடுவில் ஐந்து நாள், பத்து நாள் விட்டுப்போகும். எல்லோருக்கும் போகிறது. விட்ட நாட்களை உட்கார்ந்து நிரப்பாதீர்கள். அந்தப் பக்கங்களைக் கிழிக்கவும் வேண்டாம். அடுத்த வெற்றுப் பக்கத்தைத் திறந்து, அன்றைய தேதியைப் போட்டு, அன்றைக்கு வேண்டிய மூன்றை எழுதுங்கள்.